கிளி எடுத்த சீட்டும் என் வாயும்

எழுபதுகளின் தொடக்கம். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. திருத்தணி மலையடிவாரத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வாய்க்கு மட்டும் நாற்பது வயது இருக்கும்.

அக்காவை அம்மையார்குப்பத்தில் நான்கு தறி ஓடும் வீட்டில் கொடுத்திருந்தோம். ஏழு வருஷமாகியும் குழந்தை இல்லை. அக்காவின் மாமியாரை நான் அத்தை என்பேன். அத்தைக்கு எந்நேரமும் அதே பேச்சு. மகனுக்கு நகரிப் பக்கம் வேறு பெண் பார்க்கப் போவதாக வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொல்வாள். அக்கா உள்ளே ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருப்பாள்.

அக்காள் கணவரை எங்கள் பக்கம் பாவா என்போம். பாவாவைக் கேலி செய்வது மச்சினிச்சிகளின் உரிமை. "என்னை எப்ப கட்டிக்கப்போற பாவா?" என்று பெரியவர்கள் எதிரிலேயே கேட்பேன். "தறியில கீற சேலையை நெய்ஞ்சி முடிச்சிட்டு வரேன், இரு" என்பார் அவர். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும்தான்.

அன்றைக்கு அத்தை, பாவா, அக்கா, அம்மா, நான் ஐந்து பேரும் சாமி பார்த்துவிட்டுப் படியிறங்கினோம். கீழே வேப்பமரத்தடியில் ஒரு கிளி ஜோசியர் உட்கார்ந்திருந்தார். அத்தை நின்றுவிட்டாள்.

"கிளி என்ன சொல்லுதோ அதுக்கு நான் கட்டுப்படறேன். அதுக்கப்புறம் ஒருத்தரும் என்னைக் கொற சொல்லக் கூடாது" என்றாள்.

அக்கா தலையாட்டினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிளி வெளியே வந்து இரண்டு சீட்டுகளைத் தள்ளிவிட்டு, மூன்றாவதை இழுத்துக் கொடுத்தது. ஜோசியர் பிரித்தார். வள்ளி தெய்வானையோடு முருகர் படம்.

"கல்யாணக் கோலத்துல வந்துக்கிறாரு தாயி. இந்த ஜோடிக்கு ஒரு கொறையும் இல்ல. இன்னும் ரெண்டு வருசம் பொறுத்துகினா மடியில கொழந்த இருக்கும்" என்றார்.

அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏழு வருஷத்தில் நான் பார்க்காத முகம் அது. ஆனால் அத்தை குனிந்து சீட்டையே உற்றுப் பார்த்தாள்.

"நல்லாப் பாருய்யா. பக்கத்துல ஒருத்தியா நிக்கிறா? ரெண்டு பேரு நிக்கிறாங்களே?"

"ஆங், முருகர் படம்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்று ஜோசியர் சிரித்தார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். என் நாக்கு சும்மா இருக்கவில்லை. வள்ளியின் மேல் விரலை வைத்து, "இது நான்தான் அத்தை. அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் நானு. பாவாவுக்கு என்ன கஷ்டம்?" என்றேன்.

வழக்கமான கேலிதான். அம்மா சிரித்தாள். பாவா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அக்கா என் கையை விட்டுவிட்டாள். அத்தை மட்டும் சிரிக்காமல் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

நான்காம் நாள் பூவும் வெற்றிலையும் தட்டில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். "மலையடியில உம் பொண்ணு வாயாலயே முருகர் சொல்ல வெச்சிட்டாரு" என்றாள் அம்மாவிடம். அம்மா முதலில் அழுதாள். பிறகு கணக்குப் போட்டாள். எவளோ ஒருத்தி வந்து அக்காவைத் துரத்துவதைவிட, கூடப்பிறந்தவள் வந்தால் அக்கா அந்த வீட்டிலேயே இருக்கலாம் இல்லையா?

அப்பாவை நைனா என்போம். நைனா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு இஷ்டமாம்மா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எங்கள் பக்கம் பெண் தலை குனிந்தால் சம்மதம் என்று அர்த்தம். எனக்கும் அது தெரியும். எனக்குப் பாவாவைப் பிடிக்கும். இதை இன்றைக்குத்தான் முதன்முதலாக வெளியே சொல்கிறேன்.

பாவாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை என்று பெயர் வாங்கிக்கொண்டார்.

முகூர்த்தச் சேலையை அக்காதான் எடுத்தாள். என் தலைக்குப் பூ வைத்ததும் அவள்தான். அன்றிலிருந்து தன் பாயைத் தறி போட்டிருந்த அறைக்கு எடுத்துப் போய்விட்டாள். எனக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். இரண்டு பேரையும் காலில் போட்டுக் குளிப்பாட்டியது அவள். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. சண்டை போட்டிருந்தால்கூட நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவள் என் தட்டில் சோறு போடும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவேன்.

ஒன்பது வருஷம் இப்படிப் போனது. பிறகு அவளுக்கு வயிற்றில் கட்டி வந்து, அரக்கோணத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்தான் கூட இருந்தேன். ஒருநாள் மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது தாங்க முடியாமல் அழுதுவிட்டேன். "அன்னிக்கு விளையாட்டுக்குத்தான்கா சொன்னேன்" என்றேன்.

"தெரியும்டி. நீ எப்பவும் அப்படிப் பேசறவதானே" என்றாள்.

என் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அப்புறமாச்சும் நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுவியான்னு பார்த்துகினே இருந்தேன். உனக்குப் பூ வெச்சிகினு இருந்தப்பக்கூட, இப்ப சொல்லுவா, இப்ப சொல்லுவான்னு பார்த்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, சின்னவன் சாப்பிட்டானா என்று கேட்டாள். எட்டாம் நாள் போய்விட்டாள். கொள்ளி வைத்தது என் பெரியவன்.

என் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் பெரியம்மா என்றால் கண் கலங்கிவிடும். இந்தக் கதை அவர்களுக்குத் தெரியாது. அக்கா ஒரு தடவை என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனே என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் புருஷனை எனக்கே விட்டுவிடு என்று தங்கையிடம் போய் ஒருத்தி எப்படிக் கேட்பாள், அது நானாகச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை என்பது எனக்குப் புரிந்தபோது, கேட்பதற்கு அவள் இல்லை.