தேர்தல் நேரத்தில் கல்யாணக் கேமரா

கல்யாண வீடியோக்காரனுக்கு ஒரு முகம் விட்டுப்போனால் பயம். அவனையே தேர்தல் வேலைக்குக் கூட்டிப்போனால், ஒரு முகம் விழுந்தாலே பயம். வேட்பாளர்களின் செலவைக் கணக்கிடும் அதிகாரிகள் கூட்டத்துக்குக் கூட்டம் படமெடுக்க நம்மைத்தான் வாடகைக்குப் பிடிக்கிறார்கள். ஸ்டூடியோ வைத்துச் சீரழியும் கூட்டாளிகளே, நான் பட்டதைக் கேளுங்கள்.

நாற்காலியை எடு

திருமங்கலத்தில் நம்ம எம்.பி.யின் கூட்டம். மனுசன் மறுபடியும் நிற்கிறார். நான் பழக்கதோஷத்தில் மேடையேறி, சால்வை போடுகிற ஒவ்வொருத்தரையும் சிரிக்கச் சொல்லி எடுத்துக்கொண்டிருந்தேன். கூட வந்த அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். நாற்காலி, ஃபேன், பிரியாணிப் பொட்டலம், இதுதான் வேண்டுமாம்.

கேமராவை நாற்காலிப் பக்கம் திருப்பியதுமே ஒரு கட்சிக்காரர் வந்து தோளில் கை போட்டார். கை லேசாகத்தான் இருந்தது. குரலும் அப்படித்தான்.

"அண்ணே, போன தையில என் தங்கச்சி கல்யாணத்த எடுத்தது நீங்கதான? கடை எங்கன இருக்குன்னு தெரியும்ணே."

சொல்லாத பதில்

திருநகரில் வீடு வீடாக ஓட்டுக் கேட்டு வந்தார் எம்.பி. நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான் என்று அவர் ஆரம்பிக்க, கேட்டைப் பிடித்து நின்ற ஓர் அம்மா, விவசாயிகள் வேண்டாமென்று கத்தின மசோதாவுக்கு டெல்லியில் நீங்கள் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டுவிட்டார். எம்.பி. கும்பிட்டபடியே அடுத்த வீட்டுக்கு நடந்தார். கூட வந்தவர்கள் மொத்தப் பேரும் அந்த அம்மாவை விட்டுவிட்டு என்னை முறைத்தார்கள். நான் பின்வாங்கி நடந்ததில், படம் பாதி வானமும் பாதி வேப்பமரமுமாக விழுந்தது. அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அவரு பதில் சொல்லாம போனதயும் எடுத்தீங்கள்ல?"

பந்தியில் நின்றவர்

திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தோப்பில் கறிவிருந்து. தொண்டர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நடத்துவது என்றார்கள். எம்.பி. அந்தக் காலத்தில் கல் உடைக்கிற கிரஷர் முதலாளி ஒருவரிடம் லாரி ஓட்டியவர். அந்த முதலாளிதான் பணம் இறைக்கிறார் என்று ஊரே பேசும், ஆனால் காட்ட ஆதாரமில்லை.

இலை இலையாகக் குனிந்து, "இன்னும் ரெண்டு துண்டு வைப்பா" என்று உபசரித்துப் போனார் ஒருவர். பந்தியில் அப்படி நடப்பவர்தான் பெண்ணைப் பெற்றவர், அவரை விடவே கூடாது என்பது நம் தொழில் பாடம். கை தானாகப் போய் முகத்தைக் கிட்டத்தில் இழுத்து நிறுத்திவிட்டது. சாட்சாத் கிரஷர் முதலாளி! அதிகாரியிடம் பதிவைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். இந்த வேலையே வேணாம், விட்டுருங்க என்று அழுதாள் வீட்டுக்காரி.

மறுநாள் கடை வாசலில் கிரஷர் முதலாளியின் கார். நாலு பேர் வெளியே நிற்க, அவர் மட்டும் உள்ளே வந்து, மாட்டியிருந்த கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"தையில எம்மக கல்யாணம், நீங்கதான் எடுக்கணும். முகத்த அம்புட்டுத் தெளிவா எடுக்குறீங்களாமே."

ஊரெல்லாம் தேர்தல் முடிவுக்குக் காத்திருக்கிறது, நான் ஒருத்தன்தான் தை மாசம் வந்துவிடக் கூடாதே என்று குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.