மூன்று கடையும் என் யானைப்படையும்

இரண்டு பிளேட் பிரியாணி விலைதான் அந்தக் கணினி ஆட்டம். அதை எந்தக் கடையில் வாங்குவது என்று தீர்மானிக்க எனக்குப் பதினெட்டு நாள் பிடித்தது. சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் சிரித்து முடித்துவிட்டார்கள்.

கடை என்றால் ஏறி இறங்குகிற கடை இல்லை, நெட்டில் இருக்கிற கடை. ஆப்பிரிக்காவில் போர்வெல் வண்டி ஓட்டிக் குழி போடுகிற என் சிநேகிதன் குமரேசன், லீவில் திருச்செங்கோடு வந்ததும் சேலத்தில் இருக்கும் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். “மாப்ள, பதினெட்டு நாள் லீவு. அங்க திரும்பிப் போயிட்டா ஆட்டத்துக்கு நெட்டு பத்தாது. நம்ம பழைய ஆட்டம் இப்ப நெட்டுல விக்குதாமா. ரெண்டு பேரும் ஒரே கடைல வாங்குனாத்தான் மோத முடியுமாமா. நீதான் கம்ப்யூட்டர்காரன், எந்தக் கடைன்னு பாத்துச் சொல்லு. இந்த வாட்டி முடிச்சுப்போடலாம்.”

முடிக்க வேண்டியது இருபது வருஷத்துக்கு மேலாக முடியாமல் கிடக்கும் ஒரு சண்டை.

அப்போது நான் திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம் வந்தால் வடக்கே போன வண்டிகளெல்லாம் திரும்பி வந்து ஷெட்டில் வரிசையாக நிற்கும். ஈர டீசலும் கல் மாவும் கலந்து ஒரு வாசனை வரும். இன்றைக்கும் மழையில் ஏதாவது லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அந்த வாசனை வந்து, என் ஆள்காட்டி விரல் தானாக மௌஸ் தேடும். ஆபீசில் இரண்டு கணினி, நடுவில் ஒரு வயர். முதலாளி சாப்பிடப் போனதும், அந்த வண்டிகளில் ஒன்றில் வேலை பார்த்த குமரேசன் உள்ளே வந்துவிடுவான்.

மரம் வெட்டி, கல் உடைத்து, கோட்டை கட்டி, படை திரட்டி எதிராளி கோட்டையை இடிக்க வேண்டும். வருஷம் பூராவும் பாறையைத் துளைத்துவிட்டு வந்தவன், ஆட்டத்திலும் முதலில் ஆள்களைக் கல் உடைக்கத்தான் அனுப்புவான்.

“ஏன்டா, இங்கயும் கல்லுதானா?”

“தெரிஞ்ச தொழிலத்தானடா பண்ண முடியும்.”

நானோ குதிரைப்படையா, வில்படையா, யானைப்படையா என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். யோசித்து முடிப்பதற்குள் என் கோட்டை எரிந்துகொண்டிருக்கும். ஒரே ஒரு நாள், எந்தச் சாமி புண்ணியமோ, பதினாறு யானைகளோடு அவன் கோட்டை வாசலில் நின்றேன். கரண்ட் போய்விட்டது. மறுநாள் அவன் வண்டி வடக்கே கிளம்பிவிட்டது. அதிலிருந்து எந்தக் கல்யாணப் பந்தியில் பார்த்தாலும், “கதவு ஒடஞ்சிருக்கும்டா” என்பேன் நான். “உன்ற யான அங்கயே படுத்திருக்கும்” என்பான் அவன்.

ஆக, இந்தப் பதினெட்டு நாளில் என் யானைகளின் மானம் இருந்தது. அதனால்தான் கடையை நிதானமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பட்டது.

முதல் கடையில் வாங்கினால் அவர்கள் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும். கடை மூடினால் ஆட்டமும் போச்சு என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். இரண்டாவது கடை ஃபைலையே கையில் கொடுத்துவிடுகிறது. பென்டிரைவில் போட்டு பீரோவில் பூட்டிக்கொள்ளலாம். ஆனால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாத கடையில் எனக்கு இட்லி சாப்பிடவே யோசனை. மூன்றாவது கடையில் அடுத்த வாரம் பாதி விலை ஆகலாம் என்றார்கள். மூன்றையும் திறப்பேன், மூடுவேன், மொட்டை மாடிக்குப் போய் நாலு நடை நடப்பேன், இறங்கி வந்து மறுபடி திறப்பேன். ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதிய அபிப்பிராயங்களையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துவைத்தேன்.

சாயங்காலம் ஆனால் குமரேசன் கூப்பிடுவான். “ஆச்சா?”

“இன்னும் ஒரு நாள் பொறுடா.”

என் மனைவி காலண்டர் தாளைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, முகூர்த்தச் சேலைக்குக் கூட நான் இத்தன கட ஏறலீங்க” என்றாள்.

அவள் சொன்னதும் எனக்கு எடப்பாடிப் பக்கத்து விவசாயி, காட்டுக்காரர் ஒருவர் ஞாபகம் வந்தார். குமரேசன் ஊரில் இருந்தபோது அவர் காட்டில் போர் போடப் போன வண்டியோடு, வழிகாட்ட நானும் போயிருந்தேன். எல்லாரும் ஒரு ஆளைக் கூப்பிட்டு நீரோட்டம் பார்ப்பார்கள். இவர் மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார். ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து, அது நிமிர்ந்த இடத்தைக் காட்டினார். இன்னொருவர் வேப்பங்குச்சி. மூன்றாமவர் சங்கிலியில் கட்டிய குண்டு. குழி போட மூன்று பாயிண்ட், மூன்று மூலை. காட்டுக்காரர் மதியம் வரைக்கும் ஒவ்வொரு பாயிண்டிலும் போய் நின்று நின்று பார்த்தார். குமரேசன் பொறுத்துப் பார்த்துவிட்டு, “நீங்க நின்னு பாருங்க, நாங்க பக்கத்துக் காட்டுல போட்டுட்டு வாரோம்” என்று வண்டியை எடுத்தான். வரப்பு தாண்டும்போது அவர் பின்னாலேயே ஓடி வந்தார். “தேங்கா பாயிண்டுங்க, தேங்கா பாயிண்டே போட்டறலாமுங்க.” வண்டி நிற்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மழைக்காலம் பூராவும் சிரித்தோம்.

பதினெட்டாம் நாள் மத்தியானம் இரண்டாவது கடையில் வாங்கிவிட்டேன். இறங்கியது, திறந்தது, அதே பழைய இசை. உடனே குமரேசனைக் கூப்பிட்டேன். அவன் பெங்களூர் பஸ்சில் இருந்தான். ராத்திரி ஃபிளைட்.

ஷெட் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். அந்த இரண்டு கணினியும் எந்தக் காயலான் கடையில் கரைந்தனவோ தெரியாது. ஆட்டம் மட்டும் என் கணினியில் பளபளவென்று இருக்கிறது. எதிரே கணினியே கோட்டை கட்டுகிறது. கதவைப் போன வாரம் உடைத்தும் விட்டேன். இல்லை என்று மறுத்துப் பேச ஆள் இல்லாததால் அது உடைந்த மாதிரியே தெரியவில்லை.

அன்றைக்கு ஃபோனில், “ரெண்டாவது கடைடா, அதுதான் சரி, நீயும் அதுலயே வாங்கிரு” என்றேன். பஸ் தொப்பூர் மேட்டில் முனகி ஏறுகிற சத்தம் கேட்டது.

“வண்டி கெளம்புன பின்னால பாயிண்டு சொல்றவன்டா நீயி” என்றான். “ஃபோன வெய்யி.”