தாத்தாவின் ஜன்னல்கள்

அந்தத் திராட்சைத் தோட்டத்து அமரோனே ஒயின் பாட்டிலின் மேல் ஒரு மீசை அச்சாகியிருக்கும். முதலாளி குவால்தியேரோவின் தாத்தாவுடையது. வெரோனாவில் அந்த மீசைக்கென்றே கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அது ஒரு நாளும் மாடி ஏறி ஒரு குலையைப் புரட்டிப் பார்த்ததில்லை.

மாடியில் இருப்பவர் ஒர்னெல்லா. பறித்த திராட்சையைத் தட்டுகளில் பரப்பி, மூன்று மாதம் வற்றவிட்டு, பூஞ்சணம் கண்ட பழத்தைக் கிள்ளி எறிவது இருபத்துநான்கு வருடமாக அவர் வேலை. அப்படி வற்றிய பழத்தைப் பிழிந்தால்தான் அந்தக் கெட்டியான சிவப்பு ஒயின். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர், காற்றின் ஈரத்தை அளக்கச் சொந்தக் காசில் ஈரமானி வாங்கி உத்தரத்தில் மாட்டினார். முதலாளி சிரித்தான்.

நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள் வரை மாடி ஜன்னல்களைச் சாத்தக் கூடாது என்பது தாத்தாவின் கட்டளை. ஐந்து வருடம் முன்பு அப்படித் திறந்து வைத்ததில் பழம் அழுகியது. துரத்தப்பட்டவள் ப்ரூனா என்ற வேலைக்காரி. கட்டளை கட்டளையாகவே நீடித்தது.

போன வருடம் கல்லறைத் திருநாளன்று மூன்றாவது நாளாகப் பனிமூட்டம் விலகவில்லை. தாத்தா கல்லறையில் சாமந்தி வைத்துவிட்டு முதலாளி நேராக மாடிக்கு வந்தான்.

“எண்பத்தாறு காட்டுது, முதலாளி. ஜன்னலைச் சாத்திட்டு விசிறியப் போடணும்.”

“மார்ட்டின் நாளைக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்கு. தாத்தா காலத்துல விசிறியா இருந்துச்சு?”

“பூஞ்சணம் இருந்துச்சு. அதை மட்டும் நீங்க விருந்தாளிங்ககிட்ட சொல்றதில்ல.”

“வாய் நீளுது உனக்கு. அந்த மனுஷனுக்குக் காத்தோட பேசத் தெரியும்.”

“அப்போ வந்து இந்தப் பனியோட ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க.”

முதலாளி முகம் சிவந்தது. “ஜன்னல்ல கைய வெச்சா நாளைக்கு வேலைக்கு வராத. பழம் அழுகினாலும் உன்னைத்தான் கேப்பேன்.”

சாத்தினால் வேலை போகும். சாத்தாவிட்டால் பழி வரும். பரம்பரைப் பெருமை என்று இவர்கள் பீற்றிக்கொள்வதன் முழு லட்சணமும் இதுதான்.

ஒர்னெல்லா ஓர் எடைச் சீட்டைத் திருப்பி அதன் பின்புறம் எழுதினார்: ‘நவம்பர் 2. ஈரம் 86. ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொன்னவன் நான். பழம் அழுகினால் பொறுப்பு என்னுடையது.’

“கையெழுத்துப் போடுங்க.”

“என்ன இது?”

“தாத்தா மேல உங்களுக்கு இருக்கற நம்பிக்கை. எழுத்துல.”

முதலாளியின் சட்டைப் பையில் பேனா இருந்தது. கை அங்கே போகவில்லை.

“கண்ணாடி கொண்டு வரல.”

“வேணும்னா படிச்சுக் காட்டறேன்.”

கல்லறைக்குப் பூ கொண்டுபோனவன், அந்தக் கல்லறைக்காரரின் வார்த்தைக்கு ஒரு கையெழுத்துப் போடாமல் படியிறங்கிப் போனான். ஒர்னெல்லா பதினான்கு ஜன்னல்களையும் சாத்தினார். விசிறிகள் ஓடின. மறுநாள் வழக்கம்போல் வேலைக்கு வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜனவரியில் பழம் அழுகாமல் ஆலைக்கு இறங்கியது.

இந்த அக்டோபரிலும் ஒயின் ருசிக்க விருந்தாளிகள் வந்தார்கள். வெளியே பனிமூட்டம். சாத்திய ஜன்னல்களுக்கு எதிரே அவர்களை நிறுத்தி, திறந்த ஜன்னல்களின் மகிமையை முதலாளி விளக்கிக்கொண்டிருந்தான். ஒரு பெண் மட்டும் திரும்பி, கதவோரம் ஆணியில் தொங்கிய தாளைப் பார்த்தாள்.

“அது பழைய எடைச் சீட்டும்மா,” என்றான் அவசரமாக.

தட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒர்னெல்லாவின் குரல் வந்தது: “அதுல கீழ கையெழுத்துக்கு இன்னும் இடம் இருக்கு, முதலாளி. பேனா நான் தரவா?”