ஓட்டுகிற ஆள் வந்து இருக்கட்டும்

எங்கள் பழைய பிக்கப்பைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போன நாளில் என் கணவர் வீட்டில் இல்லை. வெட்டிய காலின் புண் ஆறியிருக்கிறதா என்று காட்டுவதற்கு மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் நான் ஆட்களை வரச் சொல்லியிருந்தேன். கள்ளத்தனம் எனக்குப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கள்ளத்தனத்தைப் பிடித்துத்தான் பழக்கம். அதனால் வண்டி சந்தியில் திரும்பி மறையும்வரை வாசல் கேற்றைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

சீனி வருத்தம் என்கிற சர்க்கரை நோய் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. உயிர் தப்பியதே பெரிய காரியம் என்று அல்லாஹ்வைப் புகழ்ந்தோம். அவரும் புகழ்ந்தார். ஆனால் கிளச்சை மிதிக்கக் கால் இல்லாமல் போனதோடு வயலுக்குப் போவதும் நின்றுவிட்டது. முச்சக்கர வண்டி பிடித்துத் தருகிறோம் என்றோம், மகள் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போகிறேன் என்றாள். எல்லாவற்றுக்கும் “பொறகு பாப்பம்” என்ற ஒரே பதில்தான். பொய்க்காலைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போவார், வருவார், முற்றத்துக் கதிரையில் சாய்வார். விடிந்தால் வரம்பில் நின்ற மனிதர் இப்படிக் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவரை மறுபடி ஒரு வண்டியின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருத்த வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

புது வண்டி வாங்கலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். எனக்கு அந்தப் பிக்கப்தான் வேண்டும். அது என் வாப்பா வாங்கியது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவார். பாலமுனையில் இந்த வீட்டையும் வளவையும் வயலையும் வாப்பா எனக்கு எழுதித் தந்தபோது பிக்கப்பையும் சேர்த்துத் தந்தார். மருதமுனையில் இருந்து மாப்பிள்ளையாக வந்த இவர் மறுநாளே அதைக் கழுவினார். அன்றிலிருந்து முப்பத்தொரு வருசம் அதில் விதைநெல், பசளை, கந்தூரிக்கு அரிசி மூட்டை, பக்கத்து வீட்டுப் பிரசவம் என்று ஏற்றாதது கிடையாது. நான் அதன் சாவியைத் தொட்டதே குறைவு.

கல்முனைக்கு அப்பால் பெரியநீலாவணைப் பக்கம் ஒரு கராஜ் இருக்கிறது. அதை நடத்துகிறவரைப் பாஸ் என்போம், மெக்கானிக்கை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் மெதடிஸ்த சபையைச் சேர்ந்த தமிழர், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஞாயிறு காலையில் ஆராதனை முடியாமல் கராஜைத் திறக்க மாட்டார். கால் இல்லாதவர் ஓட்ட இந்த வண்டியைக் கிளச் தேவையில்லாத ஒட்டோ கியர் ஆக்கலாமா என்று நான் கேட்டபோது அவர் உடனே ஓம் என்று சொல்லவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் எழும்பினார்.

“செய்யலாம் டீச்சர். ஆனா என்னைச் சுறுக்குப்படுத்தக் கூடாது.”

ஆளை அவசரப்படுத்தாமல் இருப்பது என் குணமல்ல. வாரம் ஒரு தரம் வங்கிக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவேன். கடற்காற்று அந்த வண்டியைச் சும்மா விட்டிருக்கவில்லை. தரையில் விரித்திருந்த றப்பரைத் தூக்கினால் கீழே மண் தெரிந்தது. கதவின் அடிப்பகுதி விரலால் அமத்தினால் பிட்டு மாதிரி உதிர்ந்தது. துருவேறிக் கறள் பிடித்த பக்கத் தகட்டை வெட்டித் திறந்தபோது உள்ளேயிருந்து நெல் கொட்டியது. எத்தனை போகத்து நெல்லோ தெரியாது, கறுத்துப்போய், இரண்டு கை நிறைய. பாஸ் அதைக் கூட்டி எறியாமல் ஒரு பேப்பரில் சுற்றி என் கையில் தந்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், இறங்கியதும் கோழிக்குப் போட்டேன்.

விபத்தில் நொறுங்கிப்போன ஒரு வான் வண்டியில் இருந்து பொருத்தமான கியர்பொக்ஸ் கிடைத்தது. அது கிடைத்த நாளில் பாஸ் தொலைபேசியில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு விரலால் திருப்பக்கூடிய பவர் ஸ்டியரிங், முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக், இழுத்துக் கட்டும் பெல்ட், புது விளக்குகள் என்று ஒவ்வொன்றாக வந்தன. பின்னால் பார்க்கும் கமராவும் வேண்டும் என்று நான் நின்றேன்.

“காக்காக்குக் கால்தானே போனது, கழுத்து இரிக்குத்தானே?” என்றார் பாஸ். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். ஆனாலும் கமராவைப் பொருத்திப் பூட்டினார்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, வீட்டில் என் கணவர் பிக்கப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரியால் வந்த அன்று, பிக்கப் நிற்கிற கொட்டிலுக்கு முன்னால் ஊன்றுகோலோடு கொஞ்ச நேரம் நின்றார். எண்ணெய் ஊறிய வெறும் தரையைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். சொல்வதற்கு நான் தயார் பண்ணி வைத்திருந்த அழகான பொய் வாய்க்குள்ளேயே கிடந்தது. மறுநாளும் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. முப்பத்தொரு வருசம் கூடத் திரிந்த சாமான் காணாமல் போயிருக்கிறது, இந்த மனிசனுக்கு ஒரு சொட்டுக் கவலை கிடையாதா? வாயைக் கிண்டிப் பார்ப்போமென்று ஒரு நாள் சொன்னேன்.

“கொட்டில் சும்மாதானே கிடக்கு. கோழியை அதுக்குள்ள அடைப்பமா?”

“உனக்கு விருப்பமெண்டா அடை புள்ள” என்றார்.

அவருக்கு வண்டி மேல் இருந்த ஆசை செத்துவிட்டது, நான்தான் வீணாகப் பஸ்ஸில் அலைகிறேன் என்று அன்று நினைத்தேன். மகளிடமும் சொல்லி அழுதேன். ஆனாலும் வேலையை நிற்பாட்டவில்லை, என் பிடிவாதம் அப்படி.

இரண்டு மாதம் கழிந்து பாஸ் வேலையைத் தானே நிற்பாட்டினார். இனித் தரையை ஒட்ட வேண்டும், ஓட்டுகிற ஆள் உட்காரும் சீற்றைப் பூட்ட வேண்டும், மிதிகளின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும்.

“ஓட்டுற ஆள் வந்து இருக்கட்டும் டீச்சர். அவர் இருந்து பாக்காம நான் சீற்றுப் பூட்டுறல்ல.”

ஒளித்துச் செய்கிற காரியம் என்று கெஞ்சினேன். அளவைத் தந்தால் போதாதா என்று கேட்டேன். பாஸ் சரி என்று சொல்வதற்குள் நானே வீட்டுக்கு வந்து, என் கணவர் மத்தியானம் நித்திரையாய் இருக்கும்போது தையல் நாடாவை எடுத்து இடுப்பிலிருந்து வலது பாதம்வரை, தோளிலிருந்து விரல்வரை அளந்து கடுதாசியில் எழுதிக்கொண்டு போனேன். பாஸ் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“மனிசன் படுத்துக்கிட்டா வண்டி ஓட்டப் போறார்?”

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. அவரும் விடவில்லை. பொய்க்காலை எந்தப் பக்கம் ஒதுக்கி வைப்பார், ஏறும்போது எதைப் பிடிப்பார், இறங்கும்போது எந்தக் கால் முதலில் தரையில் படும், இதெல்லாம் கடுதாசியில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கவில்லை. அன்றைக்கு அந்த மனிதர் என் வாய்க்குப் பயந்து விட்டுக்கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குத் துணுக்கென்கிறது. அவருக்காக நான் துஆ கேட்காத நாள் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை என் கணவரைக் கூப்பிட்டேன்.

“கல்முனைப் பக்கம் ஒரு அலுவல் இரிக்கி. வாறீங்களா?”

என்ன அலுவல் என்று கேட்கவில்லை. உடுத்துக்கொண்டு, ஒரு துணிப்பையையும் எடுத்துக்கொண்டு வந்து முச்சக்கர வண்டியில் ஏறினார். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கல்முனை தாண்டியது. மருதமுனை வந்தது, அவர் பிறந்து வளர்ந்த ஊர், அவருடைய ராத்தா, மூத்த சகோதரி, இப்போதும் இருக்கிற ஊர். ராத்தா வீட்டுக்குப் போகும் ஒழுங்கையை வண்டி திரும்பாமல் தாண்டியபோதுதான் முதல்முதலாக என் முகத்தைப் பார்த்தார்.

“தாண்டிட்டமே” என்றார்.

“ஓம், இன்னும் கொஞ்சம் போகணும்” என்றேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கராஜில் பிக்கப் சாம்பல் நிற அடிப்பூச்சோடு நின்றது. சீற்று இல்லை, கதவு இல்லை. ஆனாலும் அவருக்குத் தெரியாதா? ஊன்றுகோலோடு கிட்டப் போனார். முன்பக்கத்தைத் தடவினார். சுற்றி வந்தார். வெட்டி ஒட்டிய இடங்களை விரலால் பார்த்தார். அவருடைய முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, நான் நினைத்தது நடந்துவிட்டது என்று எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அப்போது அவர் பாஸைப் பார்த்துச் சொன்னார்:

“வாங்கின ஆக்கள் நல்ல மனிசர் போல. நல்லாத்தான் செய்யிறாங்க. அவங்கக்கிட்ட ஒண்டு சொல்லுங்க தம்பி, காலையில ஸ்டார்ட் பண்ணினதும் ஓடக் கூடாது, கொஞ்சம் சூடாக விடணும். பாரம் ஏத்தினா வலப் பக்கம் சாயும், அதுக்குப் பயப்படத் தேவையில்ல.”

பாஸ் என்னைப் பார்த்தார். பிறகு அவரே சொன்னார்.

“காக்கா, இத ஒருத்தரும் வாங்கல்ல. இது உங்களுக்குத்தான் செய்யிற. இடது கால் தேவையில்லாம ஓட்டலாம். ஏறி இருங்க, அளவெடுக்கணும்.”

என் கணவர் ஏறாமல் என் பக்கம் திரும்பினார்.

“நான் வித்துட்டன் எண்டா நினைச்சீங்க?” என்று கேட்டேன்.

“ஓம்.”

“பொறகு ஏன் ஒரு சொல்லுக் கேக்கல்ல?”

“உன்ட வாப்பா உனக்குத் தந்த சாமான். நீ விக்கிறெண்டா விப்பாய். நான் எப்படிக் கேக்கிற?”

அப்போதுதான் அந்தப் பை என் கண்ணில் பட்டது. அதற்குள் என்ன என்று கேட்டேன். உடுக்க இரண்டு சாரனும் மருந்தும் என்றார். எதற்கு என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ராத்தாட ஊட்ட விடப் போறாய் எண்டு நினைச்சன். ஒத்தக் காலோட உனக்கு நான் ஏன் பாரமா?”

எங்கள் ஊரில் ஆண்கள் பெண் வீட்டில்தான் இருக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், அதிகாரமும் செய்கிறார்கள், அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. இது என்ட ஊடு என்று ஒரு நாளும் நான் அவரிடம் சொன்னதில்லை என்று எனக்குப் பெருமை இருந்தது. இது உங்கட ஊடு என்றும் சொன்னதில்லையே. கால் இருந்தபோது வேலை செய்து அந்த வித்தியாசத்தை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். கால் போனதும் பையைக் கட்டி ஆயத்தமாக வைத்துவிட்டார். இரண்டு மாதமாகக் கல் நெஞ்சு என்று நான் திட்டிக்கொண்டிருந்த மனிசன் அந்த இரண்டு மாதமும் வீட்டை விட்டுப் போகும் நாளை எண்ணிக்கொண்டு என் கையால் சோறு தின்றிருக்கிறார்.

நான் அவரை ஏசினேன். அறிவில்லாத மனிசன் என்று கராஜ் முழுக்கக் கேட்க ஏசினேன். ஏசிக்கொண்டே அழுதேன். “அது உங்கட ஊடு, இது உங்கட வண்டி, நானும் உங்கட பொண்டாட்டி, இன்னும் என்ன எழுதித் தரணும்?” என்று கத்தினேன். பாஸ் மெதுவாகப் பின்பக்கம் போய்விட்டார். வரும்போது மூன்று கோப்பை பிளேன்டீயோடு வந்தார். அந்தத் தேத்தண்ணீரைப் போல ருசியான தேத்தண்ணீரை நான் குடித்ததில்லை.

பிறகு சீற்றை வண்டிக்குள் வெறும் தரையில் வைத்து என் கணவரை இருத்தினார்கள். பாஸ் குந்தியிருந்து சோக்குக் கட்டியால் கோடு போட்டார். இன்னும் முன்னுக்கா, போதுமா, முட்டுதா என்று கேட்டுக் கேட்டு நகர்த்தினார். ஏறுவதற்குப் பிடியை எங்கே பூட்ட வேண்டும் என்று இவர் காட்டினார். நான் தையல் நாடாவால் அளந்து எழுதிக் கொடுத்த அளவுகள் எல்லாம் நாலு விரற்கடை பிழை.

நிறம் பூசி முடிந்து, வண்டியை மாற்றியதற்கான கடுதாசிகளும் அவருடைய புது மருத்துவச் சான்றிதழும் சரிவந்து, பிக்கப் வீட்டுக்கு வர இன்னும் ஐந்து வாரம் போனது. வந்த மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு வந்து சாவியை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். பிஸ்மி சொல்லி ஸ்டார்ட் பண்ணினார், சூடாகும்வரை காத்திருந்தார், கியரைத் தள்ளினார். வண்டி குலுக்கமில்லாமல் கேற்றைத் தாண்டியது. வலது கால் மட்டும் வேலை செய்தது, இடது கால் பேசாமல் ஓரமாக இருந்தது. அல்லாஹ்வுக்கும் அந்தப் பாஸுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் நான் கண்ணைத் துடைத்தேன்.

துடைத்து முடிந்ததும் என் குணம் திரும்பிவிட்டது. மெதுவா என்றேன். ஆடு நிக்குது என்றேன். இந்தப் பள்ளத்துக்குப் பிரேக்கைப் பிடிங்க என்றேன். எதிரே டிரெக்டர் வருது, ஓரமா எடுங்க என்றேன். வயல் வீதியில் வாய்க்கால் ஓரமாக வந்ததும் அவர் வண்டியை நிற்பாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இஞ்ச பாரு புள்ள. இது என்ட வண்டி. வாயப் பொத்திக்கிட்டு வாறெண்டா வா. ஏலாட்டி இறங்கி நட.”

முப்பத்தொரு வருசத்தில் அவர் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. பகிடியோ என்று முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை, உண்மையான கோபம். நான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, வயல் வந்து சேரும்வரை வாயைத் திறக்காமல் இருந்தேன்.