சிக்னலில் அணைந்த இன்ஜின்

ஒரே சின்னக் காரின் மூன்று தலைமுறைகளை எங்கள் வீடு பார்த்திருக்கிறது. முதல் மாடல் சிக்னலில் நின்றாலே இன்ஜின் அணைந்துவிடும். பின்சீட்டில் இருப்பவர்கள் சொல்லாமலே இறங்கித் தள்ளுவார்கள். இரண்டாவது மாடல் ஒருநாளும் எங்களைத் தள்ள வைத்ததில்லை. நான் இப்போது ஓட்டும் மூன்றாவது மாடலோ, பெட்ரோலை மிச்சப்படுத்த சிக்னலில் தானே அணையும். கிளட்சை மிதித்தால் உடனே கிளம்பும். அருமையான வண்டி.

சென்ற மாதம் அப்பாவையும் மாமாவையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கோரிமேடு போனேன். சிக்னலில் நின்றதும் இன்ஜின் அணைந்தது.

"மச்சான், எறங்கு. தள்ளலாம்" என்றார் அப்பா. நான் தடுப்பதற்குள் இருவரும் காரின் பின்னால் குனிந்துவிட்டார்கள். அந்த நேரம் பச்சை விழுந்து, பின்னால் நின்ற பேருந்து நகர்ந்தது. நான் கத்தினேன். பேருந்து சட்டென்று நின்றபோது அப்பாவின் முதுகுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

"பெருசு, புது காரையுமா தள்ளுவீங்க?" என்று திட்டினார் ஓட்டுநர்.

இருவரும் ஏறியதும் கிளட்சை மிதித்தேன். கார் கிளம்பியது.

"பாத்தியா, தள்ளுனதும் ஸ்டார்ட் ஆயிடுச்சி!" என்றார் அப்பா.

இப்போதெல்லாம் இவர்கள் ஏறும் முன்பே பின்கதவுகளை உள்ளிருந்து திறக்க முடியாதபடி சைல்டு லாக் போட்டுவிடுகிறேன்.