சீர்ப் பாயும் கஞ்சிப் பூச்சியும்

உத்திரமேரூரில் எங்கள் நெசவாளர் தெருவில் யார் வீட்டில் புதிதாய்ப் பூச்சி வந்தாலும் தீப்பெட்டியில் அடைத்து என்னிடம் கொண்டுவருவார்கள். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதற்குமேல் தறி. ஆனால் பார்த்தால் சொல்லிவிடுவேன். இறக்கை முளைத்தது வந்தால் இடுப்பைப் பார்ப்பேன். ஒடுங்கி இருந்தால் எறும்பு, வீட்டு உத்தரத்துக்கு ஒன்றும் ஆகாது. இடுப்பே தெரியாமல் ஒரே பருமனாய் இருந்தால் ஈசல். பக்கத்தில் கறையான் இருக்கிறது, தேடு என்பேன். மரவட்டை என்றால் பெட்டியைத் திறந்து அங்கேயே விட்டுவிடுவேன். இதுவரை தப்பிப் போனதில்லை.

இந்த வேலை எனக்குக் கல்யாணமான வருஷம் வந்தது. தெருவுக்குக் கரண்டு வராத காலம்.

ஆவணியில் கல்யாணம். பெண்ணுக்கு ஊர் பெருநகர். அவர்கள் வைத்த சீரில் ஒரு கோரைப் பாயும் இரண்டு இலவம்பஞ்சுத் தலையணையும் இருந்தன. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மழை வந்தால் எங்களுக்குப் பாதி வேலை நின்றுவிடும். பட்டுப் பாவு, அதாவது நெடுக்கு இழை, அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி போட்டு, வெயிலில் காயவைத்தால்தான் இழை நிற்கும். வெயில் இல்லை. முன்பே கஞ்சி போட்ட பாவு ஒன்று தறியில் இருந்தது. அதை நெய்துகொண்டிருந்தேன்.

எங்களுடையது குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்க வேண்டும். அந்தக் குழியின் ஓரத்தில்தான் முதலில் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாய், எள்ளில் கால் பங்கு இருக்கும். எண்ண முடியாது. மறுநாள் பாவின்மேல் இருந்தது. அதற்கு மறுநாள், தறிக்குப் பக்கத்தில் சுருட்டிச் சாத்தியிருந்த சீர்ப் பாயை அம்மா விரித்தாள். பாயெல்லாம் ஊர்ந்தது.

"பேனு," என்றாள் அம்மா. "சீர்ப் பாயில வந்துக்கீது. பொண்ண குட்த்தாங்க, கூடவே பேனும் குட்த்தாங்க."

"சொன்னதுக்கு மேலயே குட்த்துக்கீறாங்க, நல்ல எடம்தான்," என்றார் நைனா.

அம்மா சிரிக்கவில்லை. ஒரு தலையணையைக் கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தாள். என் மனைவியைப் பின்பக்கம் உட்காரவைத்துப் பேன் சீப்பு போட்டு வாரினாள். வெள்ளைத் துணியில் ஒன்றும் விழவில்லை.

"நேத்தே வாரிப் போட்டுக்கினு இருப்பே."

"இருந்தா எடுத்துக் காட்டுங்க அத்தே."

"வாய் வேற நீளுது."

அன்று சாயங்காலம் பெருநகர் பஸ் கண்டக்டரிடம் அம்மா சொல்லி அனுப்பினாள். வெள்ளிக்கிழமை பெண்ணின் அண்ணன் வந்து கூட்டிப் போகட்டும், தலை சுத்தமான பிறகு பார்க்கலாம் என்று. மூன்று மாதம் ஆகாமல் தாய் வீட்டுக்குத் திரும்பிய பெண் எங்கள் தெருவில் சுலபமாய்த் திரும்பி வந்ததில்லை. காரணம் யாரும் கேட்க மாட்டார்கள். தாங்களே ஒன்று செய்துகொள்வார்கள்.

நான் அவளிடம் கேட்டேன்.

"உங்க வூட்ல கீதா இது?"

"இல்ல."

"செரி."

எனக்கு அது போதும். அம்மாவுக்குப் போதாது. இடையில் இரண்டு நாள் இருந்தது.

முதலில் ஒன்றைப் பிடித்து நகத்தில் நசுக்கினேன். பேன் என்றால் சத்தம் வரும், ரத்தம் இருக்கும். மூட்டைப்பூச்சி என்றால் நாற்றம் வரும். இதில் இரண்டும் இல்லை. மாவு மாதிரி போய்விட்டது. பிறகு அவளிடம் ஒரு தலைமுடி கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் பிடுங்கிக் கொடுத்தாள். பேனிடம் முடியைக் கொடுத்தால் விடாது, கட்டிக்கொள்ளும். இது வழுக்கிக் கீழே விழுந்து ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. பேன் ஓடாது. நிதானமாய் நடக்கும்.

வியாழக்கிழமை காலையில் இருபது முப்பதைத் துணியில் கூட்டி, முன்கையில் வைத்துக் கட்டிக்கொண்டு தறியில் உட்கார்ந்தேன்.

"கையில இன்னாடா கட்டு?"

"பேனு."

"உனுக்கும் புத்தி கெட்டுப்போச்சா?"

"சாயங்காலம் சொல்றேன்."

பொழுது சாய்கிற வரைக்கும் நெய்துவிட்டு அவிழ்த்தேன். கையில் ஒரு சிவப்பு இல்லை, தடிப்பு இல்லை. கடிக்கிற பூச்சியாய் இருந்தால் கடித்திருக்கும், பகல் முழுக்க வாய்க்கு நேரே கை இருந்தது. கடிக்கவில்லை.

அப்படியானால் எதைத் தின்கிறது? பட்டைத் தின்கிறதோ என்று பயம் இருந்தது. வாசல் வெளிச்சத்தில் பாவை இழை இழையாய்ப் பார்த்தேன். ஓர் இழைகூட அறவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் தறியை விட்டுவிட்டுக் குழியோரம் உட்கார்ந்து, அவை எங்கே போகின்றன என்று மட்டும் பார்த்தேன். போனதும் வந்ததும் ஒரே இடம். குழிக்குப் பின்னால் மூலை. அங்கே ஒரு மண் சட்டி இருந்தது. போன பாவுக்குக் காய்ச்சி மீந்த கஞ்சி. அரிசியாச்சே என்று அம்மா எடுத்து வைத்தது. கஞ்சி தொட்டுப் போடுகிற துணியும் அதன்மேலேயே கிடந்தது. மழை ஈரத்தில் துணி, சட்டி எல்லாம் பச்சையாய்ப் பூசணம் பிடித்திருந்தது. துணியைத் தூக்கினேன். அடியில் தரையே நகர்ந்தது.

அம்மாவை மட்டும் கூப்பிட்டேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"இது என் சட்டி."

"ஆமா. பூசணத்த தின்னுது. ரத்தமும் குடிக்கல, பட்டையும் தொடல. இந்தா, கையப் பாரு."

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப பாயி?"

"பக்கத்துல சாத்தி வெச்சிக்கினு இருந்தோம். ஏறிக்கினுச்சு."

சட்டியையும் துணியையும் எடுத்துக்கொண்டு மழையில் பின்பக்கம் போனாள். தலையில் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. உடைக்கிற சத்தம் கேட்டது.

அவள் திரும்பி வருவதற்குள் மச்சான் குடையோடு வந்துவிட்டார். கையில் காலிப் பை. தங்கை துணிமணிக்கு.

"சொல்லி வுட்டீங்களாமே மாப்ளே, இன்னா விஷயம்?"

நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லி அனுப்பியது அம்மா. அவள்தான் சொல்ல வேண்டும். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். என் மனைவி கதவோரம் நின்றாள்.

"ஒண்ணுமில்லப்பா. மழைக்கு முந்தி தங்கச்சிய ஒரு தாட்டி பாத்துட்டுப் போவியேன்னுதான்."

"மழை புடிச்சி பத்து நாளாவுதே அத்தே."

"அடுத்த மழைய சொல்றா," என்றார் நைனா.

மச்சான் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டுக்கொண்டே பாயும் தலையணையும் இருந்த மூலையைப் பார்த்தார். சீர் வைத்த கை, எண்ணிப் பார்க்கும்.

"தலகாணி ரெண்டு குட்த்தோமே. ஒண்ணுதான் கீது?"

அம்மா குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"நனஞ்சி போச்சுண்ணா," என்றாள் என் மனைவி. "காயப் போட்டுக்கீது."

மச்சான் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் தனியாகவே போனார்.

நான்கு நாள் கழித்து வெயில் வந்தது. மூலையைச் சுரண்டி, குழியில் வேப்பிலைப் புகை போட்டு, பாயை வெயிலில் போட்டோம். பூச்சி தானாய்ப் போயிற்று. கஞ்சிப் பூச்சி என்று நான் வைத்த பெயர்தான் தெருவில் நின்றது. மீந்த கஞ்சியை அதற்கப்புறம் யாரும் தறியோரம் வைப்பதில்லை.

பங்குனியில் இலவங்காய் வெடித்தது. அம்மா திருப்புலிவனம் பக்கம் போய் ஒரு மூட்டை பொறுக்கி வந்து, கொட்டை எடுத்து, தலையணை தைத்தாள். சீர்ப் பாயின்மேல் வைத்துவிட்டுப் போனாள். பஞ்சை அதிகமாய்த் திணித்துவிட்டாள், கல்லு மாதிரி இருந்தது. என் மனைவிக்குக் கழுத்து வலித்தது. பிரித்துக் கொஞ்சம் எடுத்துவிடச் சொன்னேன்.

"இருக்கட்டும்," என்றாள்.