ரிப்பீட் கிளாஸுக்குப் போன பிள்ளை

இந்த மலையாள ஊரில் மே மாதம் பிறந்துவிட்டால், ஒருவரை ஒருவர் பார்த்ததும் சாப்பிட்டாச்சா என்று கேட்பதில்லை, "ரேங்க் எத்தரயா?", ரேங்க் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். தம்பானூரில் நான் கேஷில் உட்காரும் ஹோட்டலுக்குக் காலை இட்லிக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் கையில் தலையணை தடிமனுக்கு ஒரு கைடு இருக்கும். என்ன படிக்கிறாய் என்றால், "ரிப்பீட்டாணு அங்கிளே" என்று சிரிப்பார்கள். டாக்டர் படிப்புக்கான என்ட்ரன்ஸில் நல்ல ரேங்க் வரவில்லை, அதனால் ஒரு வருஷம் எந்தக் கல்லூரியிலும் சேராமல் கோச்சிங் கிளாஸுக்குப் போய் மறுபடி எழுதப் போகிறார்கள் என்று அர்த்தம். பெற்றவர்களும் அதைக் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு இது லேசில் பிடிபடவில்லை. நம் பக்கம் பிளஸ் டூ முடித்த பையன் ஒரு வருஷம் சும்மா இருந்தால் ஊரே உச்சுக்கொட்டும். பெண்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், ஜாதகத்தைக் கையில் எடுத்துவிடுவார்கள். இங்கே அந்த ஒரு வருஷத்துக்கு மரியாதையாக ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் என் குடும்பமும் ஒரு தடவை ஒளிந்துகொண்டது.

என் மகள் முத்து பிறந்தது முதல் இந்த ஊர்தான். பள்ளிக்கூடம் மலையாளம், தோழிகள் மலையாளம், தூக்கத்தில் உளறுவதும் மலையாளம். என் மனைவி கோமதிக்கு அது தீராத குறை. "இந்தப் பிள்ளையையாவது நம்ம ஊருக்குத் திருப்பி அனுப்பணுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். முத்து காமர்ஸ் எடுத்து பிளஸ் டூ முடித்ததும் பாளையங்கோட்டையில் பி.காம். சீட் கிடைத்தது. கோமதி அப்போது படுக்கையில் இருந்தாள். நோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் என்னிடம், "ஒரு கொல்லம் நோக்காம்" என்றார். ஒரு வருஷம் பார்க்கலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது என்று. மாத்திரை வாங்கிக்கொண்டு வந்த முத்து பின்னால் நின்றிருக்கிறாள். நான் திரும்பியபோதுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பழவங்காடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள். "அப்பா, நான் இந்தக் கொல்லம் போகலை. அடுத்த கொல்லம் போறேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? அவ ஆசை ஆசையாக் கேட்டு வாங்கின சீட்டுட்டி அது. ஒரு வருஷம் கழிச்சுப் போறேன்னா, அது என்ன கணக்கு ஒரு வருஷம்னு உங்கம்மா கேக்க மாட்டாளா? என்ன சொல்ல?"

போகாதே என்று சொன்னால், கோமதியிடம் நீ பிழைக்க மாட்டாய் என்று சொன்னதாகிவிடும். போ என்று சொன்னால், பிள்ளை கடைசிவரைக்கும் மனசு ஆறாமல் கிடக்கும்.

வழி காட்டியது பக்கத்து வீட்டு ராதாம்மா சேச்சி. கோமதியைப் பார்க்க வந்தவர், ஊரெல்லாம் அட்மிஷனுக்கு அலையும்போது முத்து வீட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "மோளு ரிப்பீட் செய்யுவாணோ? நல்ல காரியம்!" என்றார். முத்து ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு, "அதே சேச்சி" என்று ஆமாம் போட்டுவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காமர்ஸ் படித்தவளுக்கு டாக்டர் என்ட்ரன்ஸா? கோமதி தலையணையிலிருந்து எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டாக்டருக்காட்டி?"

"ஆமாம்மா. ஒரு கொல்லம் கிளாஸுக்குப் போனா கிடைச்சுரும்."

"அப்ப நல்லாப் படி" என்றாள், அவ்வளவுதான். எட்டாவதோடு படிப்பை விட்டவள், நம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

ஊரிலிருந்து என் அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை வீட்லயா இருக்கா? அப்ப ஒரு இடம் பாத்துரலாம்லா?" நானும் அதே பெயரைச் சொல்லித்தான் அவள் வாயை அடைத்தேன். இதோடு விட்டது என்று பார்த்தால், கோமதி விடவில்லை. மறுநாள் விடிந்ததும், "ஏட்டி, கிளாஸுக்கு நேரமாகலையா?" என்று ஆரம்பித்தாள். அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வருஷத்தைப் பிடித்து நிறுத்திய பிள்ளை, தினமும் பையை மாட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

முத்து என்னோடு தம்பானூர் வருவாள். ஹோட்டலில் ஃபேமிலி ரூமின் கடைசி மேசையில் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். அப்புறம் ஓட்டமாக பஸ் பிடித்து வீட்டுக்குப் போவாள். காலையில் கோமதியை ராதாம்மா சேச்சி எங்கள் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்வார். கேஷிலிருந்து எட்டிப் பார்த்தால், பக்கத்து மேசைகளில் நிஜமான ரிப்பீட்டர்கள் மசால்தோசை தின்றுகொண்டிருப்பார்கள். நடுவில் என் பிள்ளை ஆறிப்போன சாயாவை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை சொன்னேன். "சொன்னா அம்மா ஏன்னு கேக்கும். நீங்க பதில் சொல்லுவீங்களா?" என்று என் வாயை அடைத்துவிடுவாள்.

சாயங்காலம் கோமதி விடாமல் கேட்பாள். இன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? இதயத்தைப் பற்றி, எலும்பைப் பற்றி முத்து வாய்க்கு வந்ததை அளப்பாள். கோமதி கண்ணை மூடிக்கொண்டு 'உம்' கொட்டுவாள். அந்த நேரத்தில் இரண்டு பேர் முகத்திலும் இருந்த சந்தோஷத்தை நான் பிறகு எங்கேயும் பார்த்ததில்லை.

துலா மழை, நம் ஐப்பசி மழைதான், பிடித்துக்கொண்ட ஒரு காலையில் முத்து பையை எடுத்தபோது, கோமதி கையை நீட்டினாள். "இன்னைக்கு கிளாஸுக்குப் போவாண்டாம்" என்றாள்.

முத்து பையோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். கோமதி அவள் தலையைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சிரித்தாள். "கணக்குப்பிள்ளைப் படிப்பு படிச்சவளுக்கு எவன்ட்டி டாக்டர் கிளாஸ் எடுக்கான்? காலைலதான் வலி ஆளைக் கொல்லுது. நீ பாக்காண்டாம்னு அனுப்புனேன். இனிமே இங்கேயே இரு."

அந்த மழை விடுவதற்கு முன்பே கோமதி போய்விட்டாள். ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அக்கா அழுதாள். இங்கேயே எரித்தோம், சாம்பலைக் கொண்டுபோய் தாமிரபரணியில் கரைத்தோம். மீதி வருஷத்தை முத்து எப்படிக் கடத்தினாள் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

அடுத்த ஜூனில் அதே பாளையங்கோட்டைக் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். ரயிலை விட்டு இறங்கியதும் காதில் விழுந்ததெல்லாம் என் ஊர்ப் பேச்சு. கோமதி இதைக் கேட்டிருந்தால் எப்படிச் சந்தோஷப்பட்டிருப்பாள். பிரின்சிபால் நல்ல மனுஷர். மார்க்கைப் பார்த்துவிட்டு முத்துவிடம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"போன வருஷமே முடிச்சிட்டியேம்மா. ஒரு வருஷம் என்ன செஞ்ச?"

ஒரு வருஷமாகச் சொல்லிப் பழகிய ரிப்பீட் பதில் அவள் வாயில் வரவில்லை. அழுகைக்கு நடுவில், "ஞான் அம்மேடெ கூடெ ஆயிருந்நு" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் பிறந்த மண்ணில், என் பிள்ளை சொன்னதை நான் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு வருஷமும் எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது.

"அம்மாகூட இருந்தேன்னு சொல்லுதா சார்."